லிஃப்ட் இயக்கிய மாணவர்

நண்பர்களே, உலகிலேயே மிக வேகமாக ஓடுபவர் என்று பெயர் எடுத்த ஒருவர், கல்லூரியில் படித்தபோது என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ஓர் அரசுக் கட்டடத்தில் இரவு நேரத்தில் லிஃப்ட் இயக்கினார்!

அவர்தான் ஜெஸ்ஸி ஓவன்ஸ். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கங்களை அள்ளிய அமெரிக்க வீரர். அந்தப் பதக்கங்களின் கதை உலகம் முழுவதும் தெரியும். ஆனால் பதக்கம் வெல்வதற்கு முன்பும், வென்ற பிறகும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராகப் பட்ட பாடு பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

பருத்திக் காட்டுச் சிறுவன்

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஓக்வில் என்ற சிற்றூரில் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ் கிளீவ்லாந்து ஓவன்ஸ். வீட்டில் பத்துக் குழந்தைகள். அவர்தான் கடைக்குட்டி.

அப்பா ஹென்றிக்குச் சொந்த நிலம் கிடையாது. வேறொருவருடைய நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வந்தார். வெயிலில் குனிந்து குனிந்து பறித்த பருத்தியில் பெரும்பங்கு நிலச் சொந்தக்காரருக்குப் போய்விடும். மிஞ்சியதில் அத்தனை பேரும் சாப்பிட வேண்டும். சிறுவர்களும் பருத்தி பறிக்கப் போனார்கள்.

ஓவன்ஸ் குடும்பத்தின் முன்னோர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டிலேயே அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனாலும் கறுப்பின மக்களை வெள்ளையர்கள் சமமாக நடத்தவில்லை. பள்ளிக்கூடம் தனி, ரயில் பெட்டி தனி, குடிக்கும் தண்ணீர்க் குழாய்கூடத் தனி!

எல்லோரும் ஜே.சி. என்று அழைத்த அந்தச் சிறுவன் ஒரு நோஞ்சான். குளிர்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு விடவே திணறுவான். இவன் பிற்காலத்தில் ஓட்டப் பந்தய வீரன் ஆவான் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்!

ஜே.சி.க்கு 9 வயதானபோது, பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் வடக்கே கிளம்பியது. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து என்ற பெரிய தொழில் நகரம் இருக்கிறது. அங்கே குடியேறினார்கள்.

ஜே.சி., ஜெஸ்ஸி ஆனான்

புதிய பள்ளியில் முதல் நாள். ஆசிரியை பெயரைக் கேட்டார். சிறுவன் தெற்கத்தி உச்சரிப்பில் ஜே.சி. என்றான். ஆசிரியைக்கு அது ஜெஸ்ஸி என்று காதில் விழுந்தது. வருகைப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டார். அவரைத் திருத்தச் சிறுவனுக்குத் தைரியம் வரவில்லை. அன்று முதல் அவன் பெயர் ஜெஸ்ஸி!

அந்த ஊரில் ஜெஸ்ஸிக்கு ஒரு நல்ல ஆசான் கிடைத்தார். பெயர் சார்லஸ் ரைலி. நடுநிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் ஒரு வெள்ளையர். ஜெஸ்ஸியின் கால்களில் இருந்த வேகத்தை முதலில் கண்டுகொண்டவர் அவர்தான்.

பள்ளி முடிந்த பிறகு பயிற்சிக்கு வரும்படி ரைலி அழைத்தார். ஆனால் ஜெஸ்ஸியால் வர முடியவில்லை. பள்ளி விட்டதும் அவனுக்கு வேலை இருந்தது. மளிகைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது, செருப்புத் தைக்கும் கடையில் எடுபிடி வேலை என்று ஏதாவது செய்து சம்பாதித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ரைலி கோபப்படவில்லை. பள்ளி தொடங்குவதற்கு முன்பே, அதிகாலையில் தனியாகப் பயிற்சி கொடுத்தார். பையன் பசியோடு வருகிறான் என்று தெரிந்து, தன் வீட்டிலிருந்து காலை உணவும் கொண்டுவந்து கொடுத்தார். தரை நெருப்பாகச் சுடுவதுபோல் நினைத்துக்கொண்டு, பாதம் பட்டதும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஜெஸ்ஸியின் ஓட்டத்தில் பிற்காலத்தில் எல்லோரும் கண்டு வியந்த மென்மை அங்கேதான் பிறந்தது.

அடுத்து ஈஸ்ட் டெக்னிகல் என்ற உயர்நிலைப் பள்ளி. அது தொழில் கற்றுக் கொடுக்கும் பள்ளி. 1933ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில், ஜெஸ்ஸி 100 கஜ ஓட்டத்தை 9.4 விநாடிகளில் முடித்தார். ஒரு கஜம் என்றால் மூன்று அடி. அது அன்றைய உலக சாதனைக்குச் சமமான நேரம்! பள்ளி மாணவர் ஒருவர் உலக சாதனையைத் தொட்டுவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின.

உடனே பல பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்தன. ஜெஸ்ஸி ஒரு நிபந்தனை வைத்தார். அது தனக்காக அல்ல. அப்போது அமெரிக்காவே பொருளாதார வீழ்ச்சியில் தவித்துக் கொண்டிருந்தது. ஆலைகள் மூடிக் கிடந்தன. அப்பாவுக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. அதற்கு ஏற்பாடானது. ஜெஸ்ஸி ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

எல்லோருக்குமான பல்கலைக்கழகம்

இந்தப் பல்கலைக்கழகம் உருவான விதம் சுவையானது. 1862ஆம் ஆண்டு அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நிலம் வழங்கப்பட்டது. அதை விற்று வரும் பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரிகளைத் தொடங்க வேண்டும். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்லாமல், விவசாயிகள், தொழிலாளர்களின் பிள்ளைகளும் உயர்கல்வி பெற வேண்டும் என்பது நோக்கம்.

அப்படி 1870ஆம் ஆண்டு ஒஹையோவின் தலைநகரான கொலம்பஸில் தோன்றியதுதான் இந்தப் பல்கலைக்கழகம். மாநில மக்களின் வரிப் பணத்தில் நடப்பது. ஜெஸ்ஸி சேர்ந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே படித்தார்கள். ஆய்வுக்கூடங்கள், பெரிய நூலகம், குதிரை லாட வடிவத்தில் மாபெரும் விளையாட்டு அரங்கம் எல்லாம் இருந்தன. பருத்திக் காட்டிலிருந்து வந்த பையனுக்கு அது ஒரு தனி உலகம்!

ஆனால் அந்த உலகத்தின் சில கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை.

வகுப்பில் இடம் உண்டு. ஓடுகளத்தில் இடம் உண்டு. ஆனால் பல்கலைக்கழக விடுதியில் இடம் இல்லை! கறுப்பின மாணவர்களை அங்கே தங்க விடவில்லை. அதனால் ஜெஸ்ஸி மற்ற கறுப்பின மாணவர்களோடு சேர்ந்து, வளாகத்துக்கு வெளியே வாடகை அறை எடுத்துத் தங்கினார். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலிருந்த உணவு விடுதிகளும் அவர்களுக்குச் சாப்பாடு போட மறுத்தன. சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள்.

இதை எதிர்த்து யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். மனையியல் படித்த ஒரு கறுப்பின மாணவி, பாடத்தின் ஒரு பகுதியாக மற்ற மாணவிகளோடு ஒரே வீட்டில் தங்கிப் பயிற்சி பெற வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் அதற்கு மறுத்தது. அந்த மாணவி நீதிமன்றம் போனார். 1933ஆம் ஆண்டு, அதாவது ஜெஸ்ஸி சேர்ந்த அதே ஆண்டு, ஒஹையோ உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எல்லோருக்காகவும் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சமமாக இல்லை!

பகலில் படிப்பு, இரவில் லிஃப்ட்

உலக சாதனையைத் தொட்ட மாணவருக்கு உதவித்தொகை கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுவும் இல்லை. கட்டணம், வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் ஜெஸ்ஸி தானே சம்பாதிக்க வேண்டியிருந்தது.

கொலம்பஸில் ஒஹையோ சட்டசபைக் கட்டடம் இருக்கிறது. அங்கே இரவு நேரத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. அந்தக் காலத்து லிஃப்ட்டில் இப்போது போலப் பொத்தானை அழுத்தினால் போதாது. உள்ளே ஓர் ஆள் நின்று, கைப்பிடியைத் திருப்பித்தான் ஏற்றி இறக்க வேண்டும். ஆட்கள் வராத நேரத்தில் ஜெஸ்ஸி பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். இதைத் தவிர, உணவு பரிமாறினார். பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பினார். நூலகத்தில் புத்தகங்களை எடுத்து அடுக்கினார்.

பகலில் வகுப்பும் பயிற்சியும். இரவில் வேலை. தூங்குவதற்கே நேரம் போதாது. படிப்பதற்கு எங்கே போவது?

ஜெஸ்ஸியின் மதிப்பெண்கள் சரிந்தன. தொழிற்பள்ளியில் படித்து வந்தவருக்குப் பல்கலைக்கழகப் பாடங்கள் ஏற்கெனவே கடினமாக இருந்தன. அதோடு இந்த ஓயாத ஓட்டமும் சேர்ந்துகொண்டது. ஓடுகளத்தில் யாராலும் பிடிக்க முடியாத ஜெஸ்ஸி, தேர்வில் மூச்சுத் திணறினார். ஒருமுறை மதிப்பெண் குறைந்ததால், 1936ஆம் ஆண்டு குளிர்காலப் போட்டிகளில் பல்கலைக்கழகத்துக்காக ஓடவே அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய துணை, பயிற்சியாளர் லாரி ஸ்னைடர். அப்போதைய விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர்கள் பல்கலைக்கழக அணிக்காகப் போட்டியிட முடியாது. அந்த ஓர் ஆண்டையும் ஸ்னைடர் வீணாக்கவில்லை. ஜெஸ்ஸியின் ஒரே குறை, பந்தயம் தொடங்கும்போது மெதுவாகக் கிளம்புவது. உடம்பைக் குறுக்கிக் குனிந்து, வில்லிலிருந்து அம்பு புறப்படுவதுபோலச் சட்டென்று எழும்ப அவர் சொல்லிக் கொடுத்தார். அதைப் பலமுறை செய்து பார்க்க வைத்தார்.

இரண்டாம் ஆண்டில் ஜெஸ்ஸி அணியோடு ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான். வெள்ளை மாணவர்கள் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஜெஸ்ஸியும் மற்ற கறுப்பின வீரர்களும் பொட்டலம் வாங்கி வெளியே சாப்பிட வேண்டும். எப்போதாவது ஒரு ஓட்டல் அவர்களைத் தங்க அனுமதித்தாலும், பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். லிஃப்ட்டில் ஏறக்கூடாது, படிக்கட்டில்தான் போக வேண்டும். இரவெல்லாம் மற்றவர்களை லிஃப்ட்டில் ஏற்றி இறக்கிய மாணவருக்கு, அதே லிஃப்ட்டில் ஏற அனுமதி இல்லை!

45 நிமிடங்கள்

1935ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம். அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில், அந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே பெரிய போட்டி.

ஜெஸ்ஸிக்கு அன்று உடம்பு சரியில்லை. சில நாட்களுக்கு முன்பு நண்பரோடு விளையாட்டாக மல்லுக்கட்டியபோது படிக்கட்டில் உருண்டு விழுந்திருந்தார். முதுகில் நல்ல அடி. குனிந்து காலைத் தொடக்கூட முடியவில்லை. வெந்நீரில் நெடுநேரம் உட்கார்ந்து பார்த்தார். வலி குறையவில்லை.

ஸ்னைடர் அவரைப் போட்டியிலிருந்து விலக்கிவிடலாமா என்று யோசித்தார். ஒரே ஒரு பந்தயத்தில் ஓடிப் பார்க்கிறேன் என்று ஜெஸ்ஸி கெஞ்சினார். பயிற்சியாளர் அரை மனதோடு சம்மதித்தார்.

அந்தக் காலத்தில் ஓடுகளம் என்பது நிலக்கரிச் சாம்பல் கொட்டிச் சமன் செய்த தரை. காலை ஊன்றிக் கிளம்பக் கட்டைகள் கிடையாது. வீரர்களே சிறு கரண்டியால் தரையில் குழி தோண்டிக் கால் பதித்துக்கொள்வார்கள். ஜெஸ்ஸியும் குழி தோண்டினார். குனிந்தார்.

மணி 3.15. 100 கஜ ஓட்டம். துப்பாக்கி வெடித்தது. ஓடத் தொடங்கியதும் வலி எங்கே போனதோ தெரியவில்லை! 9.4 விநாடிகள். உலக சாதனை சமன்.

மணி 3.25. நீளம் தாண்டுதல். குழிக்குப் பக்கத்தில் 26 அடி தூரத்தில் அடையாளத்துக்கு ஒரு கைக்குட்டையை வைத்தார்கள். ஜெஸ்ஸி ஒரே ஒரு முறைதான் தாண்டினார். 26 அடி 8¼ அங்குலம், அதாவது 8.13 மீட்டர். புதிய உலக சாதனை! அதை முறியடிக்க உலகத்துக்கு 25 ஆண்டுகள் தேவைப்பட்டன.

மணி 3.34. 220 கஜ ஓட்டம். 20.3 விநாடிகள். புதிய உலக சாதனை.

மணி 4.00. 220 கஜ தடை ஓட்டம். 22.6 விநாடிகள். மீண்டும் புதிய உலக சாதனை!

மூன்று உலக சாதனைகள் முறிந்தன. ஒன்று சமனானது. எல்லாம் 45 நிமிடங்களுக்குள்! விளையாட்டு வரலாற்றின் மிகச் சிறந்த 45 நிமிடங்கள் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

சக மாணவர்கள் ஜெஸ்ஸியைத் தங்கள் அணியின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின மாணவருக்கு அதுவரை கிடைக்காத பெருமை. பல்கலைக்கழகத்தின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் அணித் தலைவருக்கு விடுதியில் அப்போதும் ஒரு கட்டில் கிடைக்கவில்லை!

பெர்லினும் பின்வாசலும்

அடுத்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக். ஜெர்மனியை அப்போது ஆண்டவர் ஹிட்லர். தன் இனமே உலகில் உயர்ந்தது என்று முழங்கியவர். அவருடைய நாட்டில், அவர் கண் முன்னால், ஜெஸ்ஸி நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், 400 மீட்டர் தொடர் ஓட்டம்.

நீளம் தாண்டுதலில் இரண்டாம் இடம் பிடித்தவர் லுஸ் லாங் என்ற ஜெர்மானிய வீரர். தோற்றதும் அவர்தான் ஓடிவந்து ஜெஸ்ஸியைப் பாராட்டினார். இருவரும் கை கோத்தபடி நடந்ததை ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கமே பார்த்தது.

நாடு திரும்பிய ஜெஸ்ஸிக்கு நியூயார்க்கில் ஊர்வலம் நடந்தது. மாடிகளிலிருந்து மக்கள் காகிதப் பூக்களைத் தூவினார்கள். பிறகு வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற புகழ்பெற்ற ஓட்டலில் அவருக்குப் பாராட்டு விழா. அங்கே போனபோது முன்வாசல் லிஃப்ட்டில் அவரை ஏற்றவில்லை. மூட்டை முடிச்சுகளை ஏற்றும் சரக்கு லிஃப்ட்டில்தான் தன்னுடைய பாராட்டு விழாவுக்கே அவர் போக வேண்டியிருந்தது! அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடமிருந்து ஒரு வாழ்த்துத் தந்திகூட வரவில்லை.

இன்னொரு அடியும் விழுந்தது. ஒலிம்பிக் முடிந்ததும் வீரர்களை ஐரோப்பாவில் ஊர் ஊராக ஓட வைத்து, அமெரிக்க விளையாட்டுச் சங்கம் பணம் திரட்டியது. வீரர்களுக்கு அதில் காசு கிடையாது. களைத்துப்போன ஜெஸ்ஸி, சுவீடன் பயணத்துக்கு வர மறுத்து வீடு திரும்பினார். சங்கம் அவரைத் தடை செய்தது. 23 வயதுகூட நிறையவில்லை, அதற்குள் போட்டி வாழ்க்கை முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்காகவும் இனி ஓட முடியாது.

ரூத்தை மணந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். பட்டம் வாங்காமலேயே ஜெஸ்ஸி படிப்பை விட்டார்.

மீண்டும் வகுப்பறைக்கு

நான்கு தங்கப் பதக்கங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரிய பெரிய வாக்குறுதிகள் கொடுத்தவர்கள் எல்லாம் காணாமல் போனார்கள். காட்சிக்காகக் குதிரையோடு பந்தயம் ஓடினார். உலகச் சாம்பியன் ஒரு விலங்கோடு ஓடிப் பிழைப்பதைப் பார்த்துப் பலர் வருந்தினார்கள். ஆனால் வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்கக் கூடாதே! பிறகு சலவை நிலையம் தொடங்கினார். அது நஷ்டத்தில் மூழ்கிக் கடனாளி ஆக்கியது.

அப்போதுதான் ஜெஸ்ஸி ஒரு முடிவெடுத்தார். கால்களின் வேகம் சில ஆண்டுகளில் போய்விடும். படிப்பு மட்டுமே கடைசிவரை கூட வரும். 1940ஆம் ஆண்டு, மூன்று பெண் குழந்தைகளுக்குத் தந்தையான பிறகு, மீண்டும் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே போய்ச் சேர்ந்தார். தன்னைவிட வயதில் இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்தார். தன் பழைய பயிற்சியாளர் ஸ்னைடருக்கு உதவியாளராக மாணவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

உலகப் புகழ் பெற்ற ஒருவர் மறுபடியும் மாணவராவது எளிதல்ல. கூச்சப்படாமல் அதைச் செய்தார். ஆனால் வேலையும் குடும்பமும் மறுபடியும் நேரத்தைத் தின்றன. அந்த நாட்களில் பெற்றோரையும் அடுத்தடுத்து இழந்தார். பட்டம் பெறும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. 1941ஆம் ஆண்டு இரண்டாவது முறையாகப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்.

வென்ற கதைகளை மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருக்கு மூளை இல்லாமலா போயிற்று? உதவித்தொகையும், விடுதியில் ஒரு கட்டிலும், இரவில் படிக்க இரண்டு மணி நேரமும் கிடைத்திருந்தால் அவருடைய கதை வேறு மாதிரி இருந்திருக்கும் அல்லவா?

மகள் பெற்ற மகுடம்

ஜெஸ்ஸி சோர்ந்து உட்காரவில்லை. டெட்ராய்ட் நகரில் ஃபோர்டு கார் நிறுவனத்தில் கறுப்பினத் தொழிலாளர்களின் நலனைக் கவனிக்கும் பணியில் இருந்தார். பிறகு சிகாகோவில் குடியேறி ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்தார். தங்குதடையின்றிப் பேசும் சிறந்த மேடைப் பேச்சாளராகவும் ஆனார். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் நல்லெண்ணத் தூதராக ஆசிய நாடுகளுக்கு வந்தபோது நம் இந்தியாவுக்கும் வந்தார். இங்குள்ள இளைஞர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார்.

ஆனால் தான் முடிக்காத படிப்பு அவர் மனதில் இருந்துகொண்டேதான் இருந்தது. தன் மகள்கள் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மகள் மார்லின், அப்பா படித்த அதே ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முன்னாள் மாணவர்கள் கூடும் விழா ஆண்டுதோறும் நடக்கும். அந்த விழாவுக்கு மாணவிகளில் ஒருவரை ராணியாகத் தேர்ந்தெடுத்து மகுடம் சூட்டுவார்கள். 1960ஆம் ஆண்டு ஒஹையோவில் மகுடம் சூடியவர் மார்லின்! அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் கறுப்பின மாணவி அவர்தான். தனக்குக் கட்டில் தர மறுத்த வளாகத்தில் தன் மகள் ராணியாக வலம் வந்ததைக் கண்ட தந்தையின் மனம் எப்படிப் பூரித்திருக்கும்! அதே 1960ஆம் ஆண்டில்தான் அவருடைய நீளம் தாண்டுதல் சாதனையை ரால்ஃப் பாஸ்டன் என்ற இளைஞர் முறியடித்தார்.

கடைசியில் ஜெஸ்ஸிக்கும் அந்த நாள் வந்தது. 1972ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. முதல் நாள் அந்த வளாகத்தில் கால் வைத்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு, பட்டமளிப்பு அங்கி அணிந்து நின்றார். 1976ஆம் ஆண்டு ஜனாதிபதி ஃபோர்டு வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அளித்தார்.

1980ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, 66ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் ஜெஸ்ஸி ஓவன்ஸ் காலமானார். நெடுங்காலம் புகை பிடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. குதிரைக்குச் சமமாக ஓடிய நுரையீரலையும் புகை விட்டு வைக்கவில்லை.

2001ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய தடகள அரங்கம் திறக்கப்பட்டது. அதன் பெயர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நினைவு அரங்கம். 2016ஆம் ஆண்டு ஜனாதிபதி ஒபாமா, 1936 ஒலிம்பிக்கில் பங்கேற்ற கறுப்பின வீரர்களின் குடும்பத்தினரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கௌரவித்தார். ரூஸ்வெல்ட் அனுப்பாத வாழ்த்து, 80 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது!

நண்பர்களே, நாளை நீங்களும் ஏதாவது ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போவீர்கள். உங்கள் வகுப்பில் இரவில் வேலை பார்த்துவிட்டு, கண் எரிச்சலோடு வந்து உட்காரும் மாணவர் ஒருவர் இருக்கலாம். மதிப்பெண் குறைந்தவர் என்று அவரை ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் இடம் கொடுங்கள். உங்கள் குறிப்பேட்டைக் கொடுங்கள். விடுதி மேசையில் சேர்ந்து சாப்பிடக் கூப்பிடுங்கள்.

ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற மாணவர் அன்று எதிர்பார்த்தது அவ்வளவுதான்!